அம்மி பறக்கும் கரையில் நாற்காலி நிற்குமா? மரக்காணம் முதல் ஆரோவில் வரை ஒரு காற்றுப் பயணம்

மரக்காணம் உப்பளத்தில் நிழல் கிடையாது. ஈ.சி.ஆர். சாலையின் இரண்டு பக்கமும் கண்ணாடி பதித்தது போலப் பாத்திகள். வரப்பு ஓரங்களில் வெள்ளைக் குவியல்கள். அங்கங்கே, கூரை கிட்டத்தட்ட இடுப்பளவுக்கு இறங்கிய சின்னக் குடிசைகள். ஆடி மாதக் காலை அது. காரை ஓரம் கட்டிக் கதவைத் திறந்தேன். மேற்கிலிருந்து வந்த காற்று கதவைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

உப்புக்கு இந்தக் காற்று வேண்டும். வெயில் பாத்தித் தண்ணீரை ஆவியாக்கும், அந்த ஈரத்தை மேலே தங்கவிடாமல் துடைத்துக்கொண்டு போவது காற்று. காற்று அடங்கிய நாளில் எவ்வளவு வெயில் அடித்தாலும் உப்பு மெதுவாகத்தான் விளையும். ஆனால் நானும் மாமாவும் போனது உப்பு பார்க்க இல்லை, நாற்காலி பார்க்க.

சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. காலாப்பட்டுப் பக்கம் அக்கா வீடு கட்டிக் குடிபோய் இரண்டு வருடம் ஆகிறது. மாடியில் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்பதற்காகவே கட்டிய வீடு. போன வைகாசியில் ஒரு சாயங்காலம், மழைக்கு முன்னால் கிளம்பிய சூறைக்காற்றில் மாடியில் மேஜையோடு இருந்த பெரிய குடை பிடுங்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வாசலில் போய் விழுந்தது. கம்பி மண்ணில் குத்தி நின்றது. ஐந்து நிமிடம் முன்புவரை அந்த இடத்தில் அந்த வீட்டுக் குழந்தை மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அக்கா மாடிக்கு ஒரு முக்காலிகூடக் கொண்டுபோகவிடுவதில்லை. மாமாவுக்கோ ஓய்வுபெற்ற பிறகு இருக்கிற ஒரே ஆசை அந்த மாடி. "இந்தக் கரையில மனுஷங்க வெளியில உக்காராமலா இருக்காங்க மச்சான்? எப்படி உக்காருறாங்கன்னு பார்த்துட்டு வருவோம், வா" என்றார்.

அப்படித்தான் கிளம்பினோம்.

டயருக்குள் ஒரு குடை

உப்பளம் தாண்டியதும் சாலையோரம் ஒரு டீக்கடை. தள்ளுவண்டி, இரண்டு மர பெஞ்சு, ஒரு பெரிய குடை. அந்தக் குடையைத்தான் மாமா முதலில் சுற்றிவந்து பார்த்தார். அடியில் ஒரு பழைய கார் டயர். டயர் நிறைய கான்கிரீட் கொட்டி, நடுவில் ஒரு இரும்புக் குழாய் நட்டிருந்தார்கள். குடைக்கம்பு அதற்குள் இறங்கி நிற்கிறது. நிறையக் கொட்டினால் கார் டயர் ஒன்று நூறு கிலோவை எட்டிவிடும். ஆனால் சாய்த்துவிட்டால் உருட்டிக்கொண்டே எங்கேயும் கொண்டுபோகலாம். மாடிக்கு இவ்வளவு வேண்டாம் என்றால் ஸ்கூட்டர் டயர் போதும். அது முப்பது கிலோ அளவில் நிற்கும்.

கடைக்கார அம்மாவிடம், "இது காத்துல சாயாதா?" என்று கேட்டேன்.

"சாயறதுக்கு முன்னாடி மடக்கிடுவேன் தம்பி. மேக்கால மண்ணு எழும்பறது தெரிஞ்சா அடுப்பைக்கூட அப்புறந்தான் பார்ப்பேன்" என்றார்.

இந்தக் கடற்கரையின் காற்று ஒரே திசையில் அடிப்பதில்லை. ஆடியில் காலை முழுக்க மேற்குக் காற்று. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். சில நாள் மாலையில் மேற்கே இடிமேகம் கட்டும். மழை விழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன், மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். அக்கா வீட்டுக் குடையைத் தூக்கியது அந்தக் காற்றுதான். ஐப்பசி, கார்த்திகை வந்தால் வடகிழக்கிலிருந்து வாடை. ஆக, 'காற்று இந்தப் பக்கம்தான் வரும்' என்று நாற்காலிக்கு ஒரு பக்கம் மட்டும் முட்டுக்கொடுப்பது இங்கே செல்லாது.

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். அம்மி எங்கே பறக்கும், 'அம்மை பறக்கும்' என்பதுதான் திரிந்துவிட்டது என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. உப்பளத்தில் நின்று பார்த்தவர்கள் அம்மியையே நம்பிவிடுவார்கள்!

உண்மையில் இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பலகை ஒன்றைக் காற்றுக்கு எதிராக நிறுத்துங்கள். மணிக்கு 20 கி.மீ. காற்றில் அதன் மேல் விழுவது சுமார் 2 கிலோ எடைக்குச் சமமான தள்ளல், கையால் பிடித்துக்கொள்ளலாம். 40 கி.மீ.யில் அது 8 கிலோவை நெருங்கும். 60-ல் 17. புயல் வேகமான 120-ல் கிட்டத்தட்ட 70 கிலோ. வானிலைச் செய்தியில் 'மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் தரைக்காற்று' என்று வாசிக்கும்போது நாம் காதில் வாங்குவதில்லை. ஆனால் ஏழடி அகலக் குடை ஒன்று சாய்ந்து அந்தக் காற்றை முழுசாக வாங்கிவிட்டால், அதை இழுப்பது 27 கிலோவிலிருந்து 42 கிலோ வரை. கடையில் குடையோடு தருகிற பத்து, பதினைந்து கிலோ பிளாஸ்டிக் அடிப்பாகம் அதை எப்படித் தாங்கும்?

இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. 2016-ல் அமெரிக்காவில் விர்ஜீனியா பீச் கடற்கரையில் காற்றில் பிடுங்கிவந்த குடை தாக்கி ஒரு பெண் இறந்துபோனார். அதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு அங்கே 2024-ல் கடற்கரைக் குடைகளுக்கென்றே ஒரு சோதனைத் தர அளவு கொண்டுவந்தார்கள். மணிக்கு சுமார் 48 கி.மீ. காற்று வரை குடை பிடுங்காமல் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் டீக்கடை அம்மாவின் டயர் அந்தச் சோதனையில் நல்ல மார்க் வாங்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் குடையில் இன்னொன்றும் கவனித்தோம். உச்சியில் ஒரு சின்ன ஓட்டை. அதன் மேல் தொப்பி மாதிரி இன்னொரு துணி. உள்ளே புகும் காற்று மேல் வழியாக வெளியேறிவிடும். குடை வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இந்தத் தொப்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

உப்புக் குவியல் ஏன் சரிவதில்லை?

டீ குடித்துவிட்டு மறுபடி உப்புப் பக்கம் நடந்தோம். சேர்த்துவைத்த உப்பைத் தார்ப்பாயாலும் ஓலையாலும் மூடியிருந்தார்கள். தார்ப்பாய் காற்றில் படபடக்கவே இல்லை. மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு; கயிற்றின் இரண்டு முனையிலும் மண் மூட்டை தொங்குகிறது. தார்ப்பாயின் ஓரத்தைத் தரையில் விரித்து அதன் மேலும் மண்ணை வெட்டிப் போட்டிருந்தார்கள். காற்று உள்ளே நுழைய ஒரு விரற்கடை இடைவெளி இல்லை. குவியலும் உயரமாக இல்லாமல், கூடாரம் போல இரண்டு பக்கமும் சரிந்து கிடந்தது. காற்று அதன் முதுகில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விடுகிறது.

பக்கத்திலேயே ஓலை வேய்ந்த குவியல். ஓலை தார்ப்பாயைப் போல அடைத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு வெளியே விடும். கல்யாணப் பந்தலில் பழைய தென்னங்கீற்றுக்கும் இன்றைய ஷாமியானாவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஷாமியானா அழகு, ஆனால் பலத்த காற்று வந்தால் அது பாய்மரம். கீற்றுப் பந்தல் கலையும், நாலு கீற்று பறக்கும், பந்தல் கால்கள் பெரும்பாலும் நிற்கும்.

மாமா இதைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக் கயித்துக் கட்டில் நினைவிருக்கா?" என்றார். கயிற்றுக் கட்டில், பிரம்பு நாற்காலி, பட்டைப் பட்டையாக இடைவெளி விட்ட மர பெஞ்சு எல்லாம் காற்றை வடிகட்டி அனுப்புகிறவை. முதுகுப்பக்கம் முழுசாக அடைத்த பிளாஸ்டிக் நாற்காலி அப்படி இல்லை. எடை இரண்டு, இரண்டரை கிலோதான். மனிதர் உட்கார்ந்திருந்தால் சரி. எழுந்து போய்விட்டால் 30 கி.மீ. காற்றிலேயே அது மல்லாந்துவிடும். மண்டபங்களில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகில் ஓட்டைகள் இருப்பதை நாம் வேர்வைக்கு என்று நினைக்கிறோம். வேர்வைக்கும்தான்.

மரக்காணத்தில் இன்னொரு எதிரி, உப்புக் காற்று. சாதாரண இரும்பு ஆணியும் போல்டும் இங்கே இரண்டு மழைக்காலம் தாண்டுவது கஷ்டம். வெளியில் பெயின்ட் பளபளப்பாக இருக்கும், உள்ளே திருகு பொடிப்பொடியாக உதிரும். அலுமினிய நாற்காலி துருப்பிடிக்காது, ஆனால் எடையே கிடையாது. மாடி ஊஞ்சலுக்குக் கொக்கி மாட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் அழுத்திப் படிக்க வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் சாதாரண எவர்சில்வர் போல்டும் நாளடைவில் பழுப்பேறிப் புள்ளி விழும். ஹார்டுவேர் கடையில் '316 கிரேடு' என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான். ஊஞ்சலில் ஆடப்போவது உங்கள் பேரப்பிள்ளை.

கயிறு விஷயத்தில் கரைக்காரர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. தென்னை நார்க் கயிறு உப்புத் தண்ணீருக்கு அசராது. நைலான் கயிறு பலம் அதிகம், ஆனால் வெயிலில் கிடந்து கிடந்து நார்நாராகிவிடும். எதைக் கட்டினாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

மணலுக்குள் ஒரு மூட்டை

மரக்காணத்திலிருந்து தெற்கே, கூனிமேடு தாண்டி, காலாப்பட்டு வழியாகப் போனால் பெரிய முதலியார்சாவடி. வலது பக்கம் திரும்பினால் ஆரோவில் மேடு. இடது பக்கம் கடல். முதலில் கடல் பக்கம் போனோம். இந்தக் கரை இப்போது பழைய கரை இல்லை. புதுச்சேரித் துறைமுகம் 1980-களின் கடைசியில் வந்த பிறகு, தெற்கிலிருந்து கடலோட்டம் கொண்டுவரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டு, வடக்கே இருக்கும் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கமெல்லாம் கடல் நிலத்தை அரித்துக்கொண்டே வருகிறது. வீடும் தோப்பும் போயிருக்கின்றன. கரையையொட்டி நிரந்தரக் கட்டடம் எழுப்புவதற்கு கடலோர விதிகளும் இடம் தருவதில்லை. அதனால் விருந்தினர் இல்லங்கள் மணலில் வைத்திருப்பதெல்லாம் எடுத்து வைக்கக்கூடிய சாமான்கள்தான்.

அப்படி ஒரு சின்ன விடுதியில் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அங்கே வேலை பார்க்கும் அண்ணன் பக்கத்துக் குப்பத்துக்காரர், சின்ன வயதில் கடலுக்குப் போனவர். மாமா தன் கதையைச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டை நடுவிலேயே விட்டுவிட்டு வரச்சொன்னார்.

"இத பாருங்க சார்." ஒரு மேஜையின் காலோரம் மணலைக் கையால் விலக்கினார். ஒரு கயிறு கீழே போகிறது. "சிமென்ட் சாக்குல மணல ரொப்பி, வாயைக் கட்டி, ரெண்டடி ஆழத்துல படுக்க வெச்சி மூடிருக்கோம். மேஜையை இழுக்கணும்னா காத்து அந்த மூட்டையோட சேத்து அதுக்கு மேல கெடக்கற மணலையும் தூக்கணும். தூக்கட்டும் பாக்கலாம்."

சாக்கின் எடை முப்பது, நாற்பது கிலோதான். ஆனால் புதைந்திருப்பதால் அதன் மேல் இருக்கும் மணல் முழுக்க அதற்குத் துணை. மணலில் நேராக ஒரு முளைக்குச்சியை அடித்துக் கட்டினால் நாலு உலுக்கலில் வெளியே வந்துவிடும். உலர்ந்த மணலுக்குப் பிடிமானம் இல்லை. வேறு வழியில்லாமல் முளை அடிப்பதாக இருந்தால், இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, கீழே ஈர மணல் தட்டும் வரை இறக்க வேண்டும்.

அங்கிருந்த நாற்காலிகளைப் பார்த்தேன். எல்லாம் தரையோடு தரையாக, முழங்காலுக்குக் கீழே இருக்கை. பின்கால்கள் பின்னோக்கி நன்றாக விரிந்தவை. முதுகில் கித்தான் பட்டை, பட்டைகளுக்கு நடுவே இடைவெளி. உயரமான ஸ்டூல் ஒன்றுகூட இல்லை. மெத்தைகளின் நாலு மூலையிலும் நாடா. மேஜைக்குக் கண்ணாடி கிடையாது, கடப்பைக்கல். "கண்ணாடி மேஜை ஒண்ணு இருந்துச்சு. அடியில காத்து பூந்து கண்ணாடிய மட்டும் கிளப்பி எறிஞ்சிடுச்சு. மணல்ல கண்ணாடித் துண்டைப் பொறுக்கிப் பாத்திருக்கீங்களா சார்?" என்றார் அண்ணன்.

மாடியில் புதைக்க மணல் இல்லையே என்று மாமா கவலைப்பட்டார். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. இருபது லிட்டர் பெயின்ட் வாளி. தண்ணீர் நிரப்பினால் 20 கிலோ, காய்ந்த மணலை அழுத்தி நிரப்பினால் முப்பதுக்கு மேல், கான்கிரீட் என்றால் ஐம்பதுக்குப் பக்கம். நாலு வாளியை மேஜையின் நாலு காலோடும் கட்டிவிட்டால், பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் நகராது. லட்சணம் வேண்டும் என்பவர்கள் வாளிக்குள் கற்றாழை நட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒன்று. எடையைக் கீழே வையுங்கள். மேஜை மேல் கல்லைத் தூக்கி வைப்பதால் உயரம்தான் கூடும். கைப்பிடிச் சுவர் மேல் பூந்தொட்டி வைக்கிற வழக்கத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. கீழே நடக்கிறவர்கள் சொல்வார்கள்.

காற்றையே மாற்றிய ஊர்

மாலை மூன்று மணிக்கு மேல் சாலையைக் கடந்து ஆரோவில் மேட்டில் ஏறினோம். கடற்கரையில் சட்டைக் காலர் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மேட்டில் மரங்களுக்குள் நுழைந்ததும் காற்று எங்கோ தலைக்கு மேலே போய்விட்டது. இலைகள் ஆடுகின்றன, கீழே முகத்தில் ஒரு தடவல்தான்.

1968 பிப்ரவரி 28-ம் தேதி ஆரோவில் தொடக்க விழாப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். செம்மண் பொட்டல். ஒரு ஆலமரம், தூரத்தில் சில பனைகள். காற்று மண்ணை வாரும், மழை அதைக் கரைத்து ஓடையாக்கிக் கடலுக்குக் கொண்டுபோகும். அப்படி அறுபட்ட செம்மண் பள்ளத்தாக்குகளை இன்றும் பொம்மையார்பாளையம் பக்கம் பார்க்கலாம். அங்கே வந்து தங்கியவர்களும் சுற்றியிருக்கும் கிராமத்துக்காரர்களும் சேர்ந்து வரப்பு போட்டுத் தண்ணீரை நிறுத்தி, வருடக்கணக்கில் மரம் நட்டார்கள். இன்று வெட்டவெளியாக இருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டுவிட்டு நாள் கணக்கில் மறந்துவிடலாம்.

இங்கே கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. காற்றைத் தடுக்கச் சுவர் எழுப்பினால் போதும் என்றுதான் நமக்குத் தோன்றும். முழுச் சுவரில் மோதும் காற்று மேலே எகிறி, சுவரைத் தாண்டியதும் சுழன்று உள்ளே விழும். உயரமான கைப்பிடிச் சுவர் உள்ள மாடியிலும் நாற்காலிகள் தட்டாமாலை சுற்றுவது இதனால்தான். மரவரிசையும் மூங்கில் தட்டியும் அப்படி இல்லை. பாதிக் காற்றை உள்ளே விட்டு, அதன் வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. பாதிக்குப் பாதி இடைவெளி உள்ள தடுப்புதான் நல்ல காற்றுத்தடுப்பு. அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை பலன் தெரியும். தமிழகக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் செய்வது இந்த வேலையைத்தான். மாடிக்கு என்றால் ஐந்தடி மூங்கில் தட்டி, இரும்புச் சட்டத்தில் நன்றாக முறுக்கிக் கட்டியது. தட்டியே பறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மாத்ரி மந்திர் பார்வையாளர் மேட்டில் போய் நின்றோம். தங்க உருண்டைக்குப் பக்கத்தில், தொடக்க விழாவில் 124 நாடுகளிலிருந்தும் இந்திய மாநிலங்களிலிருந்தும் கொண்டுவந்த மண்ணை இட்ட தாழியைச் சுற்றி, சிவப்புக் கல்லில் அடுக்கடுக்காகத் திறந்தவெளி அரங்கம். இருக்கைகள் தரையோடு ஒட்டியவை. எந்தக் காற்றும் ஒன்றும் செய்யாது. நம் வீட்டுத் திண்ணையும் அதே சாதிதான். வெளியில் உட்கார ஆசைப்பட்ட நம் தாத்தாக்கள் நாற்காலி வாங்கவில்லை. சுவரோடு சேர்த்துத் திண்ணையைக் கட்டிவிட்டார்கள். அக்கா வீட்டு மாடியில் கைப்பிடிச் சுவரையொட்டி ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் திண்ணை கட்ட என்ன செலவாகும் என்று மாமா அங்கேயே போனில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். கட்டுவதற்கு முன் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு; திண்ணை மேல் பிள்ளைகள் ஏறி நின்றால் கைப்பிடிச் சுவர் குள்ளமாகிவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் திண்ணையை உள்பக்க அறைச் சுவரோடு சேர்த்துக் கட்டுவதே நல்லது.

தூரத்தில் ஆலமரம் தெரிந்தது. கிளை நீள நீள, அதிலிருந்து விழுது இறங்கித் தரையில் ஊன்றிக்கொள்கிறது. குடையை நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டுகிற வேலையை அது தானாகவே செய்துகொண்டிருக்கிறது.

தானே வந்த காலை

இவ்வளவும் தரைக்காற்றுக்கான பாடம். புயலுக்கு வேறு.

2011 டிசம்பர் 30 காலை, 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 140 கி.மீ. வரை காற்று. முதலில் சொன்ன பலகைக் கணக்கில் இது சதுர மீட்டருக்குத் தொண்ணூறு கிலோவுக்கு மேல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. ஆரோவில்லில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, பாதைகள் அடைபட்டு, பல நாள் மின்சாரம் இல்லை. அதிகம் விழுந்தவற்றில் 'வொர்க் ட்ரீ' என்று அங்கே அழைக்கும் ஆஸ்திரேலிய அக்கேசியா முக்கியமானது. பொட்டலை வேகமாகப் பச்சையாக்கத் தொடக்க காலத்தில் நட்டது. சீக்கிரம் வளரும், நிழல் தரும். வேர் ஆழம் போகாது, கிளை சட்டென்று முறியும். இந்த மண்ணுக்கே உரிய, மெதுவாக வளரும் உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் அதைவிட நன்றாகத் தாங்கின. அதற்குப் பிறகு விழுந்த இடங்களில் அவற்றுக்குத்தான் முன்னுரிமை.

2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' வந்தது. காற்றில் 'தானே'வை விடச் சின்னது. ஆனால் கரையேறிய பிறகு நகராமல் உட்கார்ந்துகொண்டு, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மண் ஊறிச் சேறானால் முளைக்குச்சி மட்டுமில்லை, மரமே பிடி விடும். எடை, கயிறு, மூட்டை எல்லாம் ஓரளவுக்குத்தான். அதற்கு மேல் உள்ளே எடுத்து வைப்பது ஒன்றே வழி.

விடுதி அண்ணனிடம் திரும்பிப்போகும்போது இதையும் கேட்டோம். அவர் வானிலை அறிக்கையில் தாழ்வு மண்டலம் என்ற சொல் வந்தவுடனேயே தொடங்கிவிடுவாராம். முதலில் போவது குடைகள். மடக்கி, துணியைக் கம்போடு சுற்றிக் கட்டி, நிறுத்திவைக்காமல் படுக்க வைப்பார். அடுத்தது மெத்தை, தொங்கும் விளக்கு, சுவரில் மாட்டிய படங்கள். ஊஞ்சலைக் கழற்றிவிட்டு, சங்கிலியையும் கொக்கியிலிருந்து எடுத்துவிடுவார். வெறும் சங்கிலி காற்றில் சாட்டையாகி ஜன்னலை உடைத்த அனுபவம் உண்டாம். நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார், ஆனால் ஆறுக்கு மேல் போகமாட்டார். அடுக்கை அறைக்குள் வைக்க இடம் இல்லையென்றால் கிடையாகச் சாய்த்து, தூணோடு சேர்த்து மூன்று சுற்று. கடப்பைக்கல் மேஜைகளை மட்டும் தூக்குவதில்லை. கல்லை இறக்கித் தரையில் கிடத்திவிட்டு, காலை மட்டும் உள்ளே கொண்டுபோவார்.

"மரத்துல மட்டும் கட்டமாட்டேன் சார். தானேக்கு அப்புறம் மரத்த நம்பறதில்ல" என்றார்.

கிளம்பும்போது கிழக்கே கடற்காற்று ஏறியிருந்தது. அண்ணன் மணலில் இறங்கி ஒவ்வொரு குடையாக மடக்கிக்கொண்டிருந்தார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் போய், அந்த முடிச்சை இன்னொரு தரம் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டார். ஒரு முனையை இழுத்தால் சட்டென்று அவிழும், மற்ற முனையை இழுத்தால் இறுகும் முடிச்சு. நாலாவது குடைக்கு மாமாவே போட்டார்.